ஏழு குதிரை பூட்டிய சிறு தேர்

கதிரவன் ஊரும் தேருக்கு ஏழு குதிரைகள் என்பது நம் நாட்டு மரபு. இரதசப்தமி நாளன்று திருமலையில் சூரியப்பிரபை வாகனத்தைக் கண்டவர்களுக்கு இதை எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. 1922ஆம் ஆண்டில் இங்கிலாந்து நாட்டில் பிறந்த ஒரு மோட்டார் வண்டிக்கும் ஏழு குதிரைகளே கணக்கு. அதன் பெயரே 'ஆஸ்டின் செவன்'. நம் மொழியில் சொன்னால் 'ஆஸ்டின் ஏழு'. மக்கள் அதைச் செல்லமாகப் 'பேபி ஆஸ்டின்' என்று அழைத்தனர்.

கதிரவனின் தேர் விண்ணை அளப்பது. இதுவோ நான்கு பேர் ஏறினால் முழங்காலோடு முழங்கால் இடிக்கும் குட்டி வண்டி. ஆயினும் இரண்டு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட காலத்தில், தன்னினும் ஒன்பது மடங்கு பெரிய எஞ்சின் பூட்டிய வண்டிகள் ஓடிய பந்தயத்தில் இதுவும் ஓடிப் பரிசுக்குரிய இடம் பெற்றது. இத்துணைச் சிறிய வண்டிக்கு அத்துணை ஆற்றல் எங்கிருந்து வந்தது? சிறுமை அதற்குக் குறையாக இருந்ததா, வலிமையாக இருந்ததா? இவ்வினாக்களுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இயற்பியல் முதுகலை பயிலும் எனக்கு இதில் என்ன அக்கறை என்று நண்பர்கள் கேட்கலாம். என் தந்தையார் ஆரணிப் பக்கத்திலிருந்து பிழைப்பு நாடிப் புத்தூருக்கு வந்து, சென்னை செல்லும் சாலையோரம் ஒரு சிறு பட்டறை வைத்தவர். வகுப்பில் நான் படிக்கும் விசையும் வேலையும் வெப்பமும் அவர் கைகளில் கரியும் எண்ணெயுமாகப் படிந்திருப்பதைப் பார்த்தே வளர்ந்தேன். அறிவியலைப் பட்டறை வாயிலில் நின்று பார்க்கும் பழக்கம் அப்படி வந்ததுதான்.

குதிரையை எண்ணிய சட்டம்

முதலில் அந்த 'ஏழு' எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். 1921ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் தொடங்கி, பிரிட்டனில் கார்களுக்குக் குதிரைத்திறன் ஒன்றுக்கு ஒரு பவுன் வீதம் ஆண்டு வரி விதிக்கப்பட்டது. ஒவ்வொரு எஞ்சினையும் ஓட்டிப் பார்த்து அளப்பது இயலாத செயல். ஆகவே ஓர் எளிய வாய்பாட்டைக் கையாண்டனர். சிலிண்டரின் விட்டத்தை அங்குலத்தில் அளந்து, அதன் இருமடியைச் சிலிண்டர்களின் எண்ணிக்கையால் பெருக்கி, 2.5ஆல் வகுக்க வேண்டும். அவ்வளவுதான்.

ஆஸ்டின் செவனுக்கு நான்கு சிலிண்டர்கள். முதலில் வந்த எஞ்சினில் ஒவ்வொன்றின் விட்டமும் 2.125 அங்குலம். கணக்கிட்டுப் பாருங்கள், 7.2 குதிரைத்திறன் வரும். சில மாதங்களில் விட்டத்தை 2.2 அங்குலமாக்கினர், வரிக் கணக்கு 7.8 ஆயிற்று. ஃபோர்டு கம்பெனியின் 'டி' மாடல் காருக்கோ இதே வாய்பாட்டின்படி 22 குதிரைக்கு மேல். ஒருவர் எட்டுப் பவுன் கட்டினால் மற்றவர் ஏறத்தாழ மூன்று மடங்கு கட்ட வேண்டும். சிறிய வண்டிக்குச் சந்தை எப்படி உண்டாயிற்று என்பது இதனால் விளங்கும்.

இந்த வாய்பாட்டில் ஒரு வேடிக்கை உண்டு. பிஸ்டன் எவ்வளவு தொலைவு மேலும் கீழும் போய் வருகிறது என்பதை அது கேட்பதேயில்லை. பிஸ்டன் நிமிடத்துக்கு 1000 அடி ஓடும் என்று தானாகவே வைத்துக்கொள்கிறது. ஆகவே பொறியாளர்கள் என்ன செய்தார்கள்? சிலிண்டரைக் குறுக்கினார்கள், ஓட்டத்தை நீட்டினார்கள். ஆஸ்டின் செவனின் சிலிண்டர் விட்டம் 2.2 அங்குலம், பிஸ்டனின் ஓட்டமோ 3 அங்குலம். நான்கு சிலிண்டர்களின் கொள்ளளவும் சேர்ந்து 747 கன செண்டிமீட்டர். பிரிட்டிஷ் எஞ்சின்கள் நெடுங்காலம் ஒல்லியும் நெட்டையுமாக இருந்தமைக்கு இச்சட்டம் ஒரு முக்கியமான காரணம்.

சட்டம் இயந்திரத்தின் உடலை வடிக்கும் என்பதை நம் நாட்டிலும் கண்டோம். 2006ஆம் ஆண்டு மத்திய அரசின் நிதிநிலை அறிக்கை, நான்கு மீட்டர் நீளத்துக்கு மேற்படாத, குறிப்பிட்ட அளவுக்குள் அடங்கும் எஞ்சின் கொண்ட சிறு கார்களுக்கு வரியைக் குறைத்தது. அதன்பின் நம் சாலைகளில் வால் நறுக்கியது போன்ற கார்கள் பெருகின. பின்பெட்டியைச் சுருக்கி நான்கு மீட்டருக்குள் அடக்கினால் வரி மிச்சம். வரி வசூலிப்பவரின் எழுதுகோலும் ஒருவகையில் பொறியாளரின் எழுதுகோலே.

பில்லியர்ட்ஸ் அறையில் பிறந்த வண்டி

ஹெர்பர்ட் ஆஸ்டின் 1905இல் பர்மிங்காம் நகரை அடுத்த லாங்பிரிட்ஜில் தொழிற்சாலை தொடங்கியவர். முதல் உலகப் போருக்குப் பின் அவரது கம்பெனி கடனில் மூழ்கியது; 1921இல் அதன் நிர்வாகம் கடன்காரர்கள் சார்பில் நியமிக்கப்பட்டவரின் பொறுப்புக்குப் போயிற்று. அக்காலத்தில் சாதாரணக் குடும்பத்தினர் மோட்டார் சைக்கிளுடன் ஒரு பக்கப் பெட்டியை மாட்டிக்கொண்டு மனைவி மக்களை ஏற்றிச் சென்றனர். மழை வந்தால் அனைவரும் நனைய வேண்டியதுதான். அந்தப் பெட்டி வண்டி அடைக்கும் இடத்திலேயே நிற்கக்கூடிய உண்மையான கார் ஒன்றைச் செய்ய வேண்டும் என்பது ஆஸ்டினின் கனவு. கம்பெனியின் இயக்குநர்கள் இசையவில்லை. அவர் தம் சொந்தப் பணத்தைப் போட்டு, தம் வீட்டிலேயே வேலையைத் தொடங்கினார்.

வரைபடம் போடத் தொழிற்சாலையிலிருந்து அவர் அழைத்து வந்தவர் ஸ்டான்லி எட்ஜ் என்ற இளைஞர். வயது பதினெட்டு! லிக்கி கிரேஞ்ச் என்ற ஆஸ்டினின் மாளிகையில் பில்லியர்ட்ஸ் ஆடும் அறையே அவர்களுடைய வரைபடக் கூடம். ஆஸ்டினின் மனம் இரண்டு சிலிண்டர் எஞ்சினை நோக்கியே இருந்தது, அது மலிவு. நான்கு சிறிய சிலிண்டர்களே அதிர்வின்றி இழைந்து ஓடும், செலவும் கட்டுக்குள் நிற்கும் என்று எடுத்துக்காட்டி இசைய வைத்தவர் அந்தப் பதினெட்டு வயது இளைஞர். 1922இல் வண்டி வெளிவந்தது. முதலில் 225 பவுன். பின்னர் விலை விரைவில் 165 பவுனாக இறங்கியது. 1939 வரை ஏறத்தாழ 2,90,000 வண்டிகள் உருவாயின.

வண்டியின் அமைப்பைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே ஆறேகால் அடிதான். அடிச்சட்டம் ஆங்கில 'ஏ' எழுத்தின் வடிவம். முன்னே கூம்பிப் பின்னே விரியும். முன்பக்கம் குறுக்காக ஒரே ஒரு வில் பட்டை. கிராங்க் ஷாப்டைத் தாங்க இரண்டே பேரிங்குகள். 1936இல்தான் மூன்றாவது வந்தது. ரேடியேட்டர் நீரை ஓட்டப் பம்பு இல்லை. சூடான நீர் இலேசாகி மேலே எழும், குளிர்ந்த நீர் கனத்துக் கீழே இறங்கும் என்ற வெப்பச் சலன விதியே பம்பு. நாம் பள்ளியில் கண்ணாடிக் குழாயில் சாயம் கலந்து பார்த்த பாடம் அங்கே தெருவில் ஓடியது! இல்லாத உறுப்பு பழுதாவதில்லை. இல்லாத உறுப்புக்கு எடையும் இல்லை. இவ்வாறு ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளி, முழு வண்டியின் எடையைச் சுமார் 360 கிலோகிராமில் நிறுத்தினர்.

ஆனால் ஒன்றில் மட்டும் அவர்கள் கஞ்சத்தனம் காட்டவில்லை. நான்கு சக்கரங்களுக்கும் பிரேக் வைத்தனர். 1922இல் இது சிறு வண்டிகளில் காண்பதற்கரிய ஏற்பாடு. காலால் மிதித்தால் பின் சக்கரங்கள், கையால் இழுத்தால் முன் சக்கரங்கள் என்று தனித்தனியே இயங்கிய அவை 1930இல் ஒன்றாக இணைக்கப்பட்டன.

சென்னையில் ஒரு பழைய கார் அணிவகுப்பில் இத்தகைய வண்டி ஒன்றை நான் நேரில் கண்டேன். அதன் எஞ்சின் மூடி என் இடுப்புக்கும் எட்டவில்லை. சக்கரங்கள் நம் மோட்டார் சைக்கிள் சக்கரங்களைப் போல் மெலிந்தவை. உரிமையாளர் கிளச்சிலிருந்து காலை எடுத்ததும் வண்டி தவளைபோல் ஒரு துள்ளுத் துள்ளியது. கிளச் மிதியின் அசைவு மிகக் குறைவாதலால் இவ்வினத்துக்கே உரிய குணமாம் அது.

குடும்ப வண்டி பந்தய வண்டி ஆனது

747 கன செண்டிமீட்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 2400 சுழற்சியில் 10.5 குதிரைத்திறன் தந்தது. இதைக்கொண்டு பந்தயம் ஓடுவதா என்று தோன்றும். ஆனால் 1923ஆம் ஆண்டிலேயே ஆஸ்டினின் மருமகன் ஆர்தர் வெயிட், இத்தாலியில் மோன்சா பந்தயச் சாலையில் 750 கன செண்டிமீட்டர்ப் பிரிவில் வெற்றி பெற்றார்.

எஞ்சினின் திறனைப் பெருக்க வழிகள் மூன்று. கொள்ளளவைக் கூட்டலாம், ஒவ்வொரு வெடிப்பின் அழுத்தத்தைக் கூட்டலாம், நிமிடத்துக்கு நிகழும் வெடிப்புகளின் எண்ணிக்கையைக் கூட்டலாம். முதல் வழியைப் பந்தயப் பிரிவின் விதி அடைத்துவிட்டது. ஆகவே மற்ற இரண்டையும் பிடித்தனர். 'அல்ஸ்டர்' என்ற பந்தய மாடலில் எஞ்சின் நிமிடத்துக்கு 5000 சுழற்சி வரை ஓடி 24 குதிரைத்திறன் தந்தது. சுழற்சி இரு மடங்குக்குச் சற்று மேல். திறனும் இரு மடங்குக்குச் சற்று மேல். கணக்கு எவ்வளவு அழகாக ஒத்துவருகிறது பாருங்கள்! வரிச் சட்டம் நிமிடத்துக்கு 1000 அடி என்று கருதிய பிஸ்டன் இப்போது 2500 அடி ஓடியது. காற்றை அழுத்தி உள்ளே திணிக்கும் சூப்பர் சார்ஜரைப் பூட்டியபோது திறன் 33 குதிரையாக உயர்ந்தது. வரி மட்டும் அதே எட்டுப் பவுன்தான்.

1929இல் அயர்லாந்தின் அல்ஸ்டர் பகுதியில் நடந்த டூரிஸ்ட் டிராபிப் பந்தயத்தில், ஏழு லிட்டர் எஞ்சின் கொண்ட மெர்சிடிஸ் வண்டியில் கராச்சியோலா முதலிடம் பெற்றார். சிறு வண்டிகளுக்குச் சலுகை அளித்து நடந்த அப்பந்தயத்தில் மூன்றாவதாக வந்தது ஆர்ச்சி பிரேசர் நாஷ் ஓட்டிய ஆஸ்டின் செவன். அல்ஸ்டர் மாடல் என்ற பெயரின் வரலாறு இதுவே. அடுத்த ஆண்டு புருக்லண்ட்ஸ் பந்தயச் சாலையில் நடந்த 500 மைல் பந்தயத்தில் டேவிஸ், மார்ச் பிரபு ஆகிய இருவரும் மாறி மாறி ஓட்டிய ஆஸ்டின் செவன் முதலிடமே பெற்றது. சராசரி வேகம் மணிக்கு 83 மைலுக்கு மேல், அதாவது 134 கிலோமீட்டர்.

போட்டியாளரும் சும்மா இருக்கவில்லை. மாரிஸ் மைனர் காரை அடிப்படையாகக் கொண்டு 847 கன செண்டிமீட்டர் எஞ்சினுடன் 'எம்.ஜி. மிட்ஜெட்' 1928இல் லண்டன் கண்காட்சிக்கு வந்தது. 1931 பிப்ரவரியில் பாரிஸ் நகருக்கு அருகே மாந்தலேரி சாலையில் ஜார்ஜ் எய்ஸ்டன், 750 கன செண்டிமீட்டருக்கு உட்பட்ட எம்.ஜி. வண்டியில் மணிக்கு 100 மைல் வேகத்தைக் கடந்தார். அப்பிரிவில் அவ்வேகத்தை முதலில் கண்டவர் அவரே. எளிய மக்களுக்கான சிறு கார்கள் இரண்டு தங்களுக்குள் போட்டியிட்டு, விளையாட்டுக் கார் என்றால் செல்வரின் பொழுதுபோக்கு என்ற எண்ணத்தைத் தகர்த்தன.

திருமலை ஏறுமா?

இனி நம் ஊருக்கு வருவோம். திருமலைக்கு முதல் மலைச்சாலை திறக்கப்பட்டது 1944இல். அதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பே ஆஸ்டின் செவன் உற்பத்தி நின்றுவிட்டது. அச்சாலை வருமுன் அடியார்கள் படியேறியோ டோலியிலோதான் சென்றனர். ஆயினும் ஒரு கணக்காகப் போட்டுப் பார்க்கலாம்: பேபி ஆஸ்டின் திருமலை ஏறுமா?

திருப்பதிக்கும் திருமலைக்கும் உயர வேறுபாடு சுமார் 700 மீட்டர். முதல் மலைச்சாலையின் நீளம் சுமார் 19 கிலோமீட்டர். வண்டி 360 கிலோ, இருவர் 140 கிலோ. ஆக 500 கிலோகிராம். இதை 700 மீட்டர் உயர்த்தச் செய்ய வேண்டிய வேலை 34 இலட்சத்து 30 ஆயிரம் ஜூல். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் போனால் 57 நிமிடம் ஆகும். வகுத்தால் வினாடிக்கு ஏறத்தாழ 1000 ஜூல். அதாவது ஒன்றேகால் குதிரைத்திறனுக்குச் சற்று மேல். சக்கரங்களின் உராய்வுக்கு எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கு எதிர்விசை என்று கொண்டால் இன்னும் முக்கால் குதிரை. ஆக, இரண்டு குதிரைத்திறன் போதும்! எஞ்சினிடம் இருப்பதோ பத்து. வளைவுகளில் ஏற்றம் கூடினாலும் தாழ்ந்த கியரில் தடையின்றி ஏறும். பம்பில்லாத ரேடியேட்டர் மட்டும் வழியில் இரண்டொரு முறை பெருமூச்சு விடக்கூடும்.

இப்போது அதே இருவர் 1800 கிலோ எடையுள்ள இன்றைய பெருங்கார் ஒன்றில் ஏறுகிறார்கள் என்று கொள்வோம். ஆஸ்டினில் மலைமேல் உயர்த்தப்படும் எடையில் நூற்றுக்கு 28 பங்கு மனிதர்கள். பெருங்காரில் நூற்றுக்கு 7 பங்கே மனிதர்கள்; எஞ்சிய 93 பங்கும் இரும்பும் இருக்கையும். இறைவனைக் காணப் போவது நாமா, நம் வண்டியா?

எடையை ஓரிடத்தில் குறைத்தால் அந்த நன்மை அங்கேயே நிற்பதில்லை. உடல் இலேசானால் சிறு எஞ்சின் போதும். சிறு எஞ்சினைத் தாங்க மெல்லிய சட்டம் போதும். அதற்கு மெல்லிய வில்லும் சிறிய சக்கரமும் போதும். இலேசு இலேசை ஈனும். கனம் கனத்தை ஈனும். பேபி ஆஸ்டினின் வெற்றி இரகசியம் முழுவதும் இவ்வளவுதான்.

இறங்குவது வேறு கதை. ஏறும்போது சேர்த்த 34 இலட்சம் ஜூலையும் இறங்கும்போது எங்காவது தொலைத்தாக வேண்டும். ஏறத்தாழ 11 லிட்டர் நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமான வெப்பம் அது. அத்தனையையும் பிரேக்கிலேயே போட்டால் அது காய்ந்து பிடிப்பிழக்கும். ஆகவேதான் தாழ்ந்த கியரில் இறங்கி, எஞ்சினையே தடையாக்க வேண்டும் என்பது மலைச்சாலை ஓட்டுநர்களின் முதற் பாடம்.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். எங்கள் புத்தூர், எலும்பு முறிவுக் கட்டுக்குப் பெயர் பெற்ற ஊர். மூங்கில் பட்டையும் பச்சிலையும் வைத்துக் கட்டும் 'புத்தூர்க் கட்டு' தேடித் தமிழ்நாட்டிலிருந்தும் கருநாடகத்திலிருந்தும் வருகிறார்கள். பேருந்து நிலையத்தில் கட்டுப் போட்ட கையும் காலுமாக நிற்பவர்களில் வாகன விபத்தில் அடிபட்ட இளைஞர்களைப் பார்த்துப் பழகியவன் நான். வேகம் இரு மடங்கானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகும் என்ற விதியை எங்கள் ஊர்க்காரனுக்குக் கரும்பலகையில் எழுதிக் காட்ட வேண்டியதில்லை. பேபி ஆஸ்டினின் மெல்லிய தகட்டுக்குள் இருக்கை வாரும் இல்லை, மோதலைத் தாங்கி மடியும் அமைப்பும் இல்லை. இன்றைய கார்களின் எடையில் ஒரு பகுதி உயிரைக் காக்கும் எடை. அதைக் குறைக்கச் சொல்வது அறிவுடைமை ஆகாது. வீண் பருமனைக் குறைப்பது வேறு. பாதுகாப்பைக் குறைப்பது வேறு. இவ்விரண்டையும் பிரித்தறிவதே இன்றைய பொறியாளன் முன் நிற்கும் வேலை.

விழுதுகள்

ஆலமரம் விழுது விடுவதுபோல் இச்சிறு வண்டி உலகெங்கும் விழுது விட்டது. 1927இல் ஜெர்மனியில் டிக்ஸி என்ற கம்பெனி உரிமம் பெற்று இதைச் செய்யத் தொடங்கியது. மறு ஆண்டு அக்கம்பெனியை பி.எம்.டபிள்யூ. விலைக்கு வாங்கியது. ஆகவே பி.எம்.டபிள்யூ. கம்பெனியின் முதல் கார் நம் பேபி ஆஸ்டினே! அமெரிக்காவில் இதைச் செய்த கம்பெனி பின்னர் பாண்டம் என்ற பெயரில் 1940இல் முதல் ஜீப்பை உருவாக்கியது. வில்லியம் லயன்ஸ் 1927இல் இதன் மேல் அழகிய உடலைப் பூட்டி விற்றார். அவருடைய கம்பெனி பின்னாளில் ஜாகுவார் ஆயிற்று. 1948இல் லண்டனில் பொறியியல் மாணவராயிருந்த காலின் சாப்மன் பழைய ஆஸ்டின் செவன் ஒன்றைப் பிரித்துத் தம் முதல் லோட்டஸ் காரைக் கட்டினார். நியூசிலாந்தின் புரூஸ் மக்லாரன் 1952இல் ஓட்டிய முதல் பந்தய வண்டி ஓர் அல்ஸ்டர்.

நமக்கு அண்மையிலும் விழுது உண்டு. 1948இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், சென்னையை அடுத்த எண்ணூரில் ஆஸ்டின் ஏ 40 கார்களைப் பூட்டியது. இன்றைய அசோக் லேலண்டின் தொடக்கம் அதுவே. 2007இல் செங்கற்பட்டுப் பக்கம் பி.எம்.டபிள்யூ. தொழிற்சாலை திறந்தது. பில்லியர்ட்ஸ் அறையில் ஓர் இளைஞர் போட்ட கோட்டின் தொடர்ச்சியைத் தேடினால், அதன் ஒரு முனை நம் சென்னைச் சாலையிலும் வந்து முடிகிறது.

அந்த இளைஞருக்குக் கிடைத்தது என்ன? வடிவமைப்பின் உரிமையைப் பதிவு செய்திருந்த ஆஸ்டினுக்கு விற்ற வண்டி ஒவ்வொன்றுக்கும் இரண்டு கினி சேர்ந்தது. பெயரும் அவருடையதே. ஸ்டான்லி எட்ஜின் பங்கு பரவலாக அறியப்படப் பல ஆண்டுகள் ஆயின. ஆஸ்டினின் துணிவையும் பட்டறிவையும் குறைத்துச் சொல்வது என் எண்ணம் அன்று. அவரில்லாமல் அந்த வண்டியே இல்லை. ஆனால் வண்டியைக் கண்டு வியப்பவர்கள் வரைபடம் போட்ட கையையும் நினைக்க வேண்டும்.

நண்பர்களே, நம்மில் பலர் பெரிய ஆய்வுக் கூடமும் பெரும் பணமும் இருந்தாலன்றி எதையும் செய்ய இயலாது என்று சோர்கிறோம். பிற மொழி மாநிலத்தில் பிழைக்க வந்த குடும்பத்துப் பிள்ளைகள் நாம் என்ற எண்ணமும் சேர்ந்துகொள்கிறது. கடனில் மூழ்கிய கம்பெனி, இடம் தராத இயக்குநர்கள், விட்டத்தை அளக்கும் வரிச் சட்டம், பதினெட்டு வயது வரைபடக்காரர் ஒருவர்: இவையே பேபி ஆஸ்டினின் முதல். அந்தத் தடைகள் ஒவ்வொன்றையும் அவர்கள் கணக்கின் ஒரு நிபந்தனையாக எடுத்துக்கொண்டார்கள். அதனால்தான் விடை அவ்வளவு சிறியதாகவும் சீராகவும் வந்தது. நம் கையில் இருக்கும் சிறு கருவியைக்கொண்டு, நம் சாலைக்கும் நம் மலைக்கும் நம் எலும்புக்கும் ஏற்ற கணக்கை நாமே போடத் தொடங்கலாம். மூர்த்தி சிறிதாக இருப்பதில் இழிவொன்றும் இல்லை.